ஆடாத தலை

“இந்தத் தலையை மழிச்சு விடுங்க தம்பி. இன்னையோட எல்லாத்தையும் இறக்கி வச்சிட்டுப் போறேன்.”

சொன்னவள் அங்கயற்கண்ணி. வயது ஐம்பத்தெட்டு. பிள்ளைகள் படிக்கிற கதைப் புத்தகமாகவே நாற்பத்தொன்று எழுதியவள்.

கேட்டுக்கொண்டிருந்தவர் சடையாண்டி. வயது நாற்பத்து மூன்று. மலைக்கோயில் அடிவாரத்தில், முடி இறக்கும் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாக நாவிதர். பேர் சடையாண்டி, வேலை மொட்டையடிப்பது. பெற்றவர்கள் வைத்த பேர், அவர் என்ன செய்வார்.

பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் அவரிடம் எதையாவது கேட்பார்கள். அவர் கத்தியை நிறுத்தாமல் எதையாவது சொல்வார். சில நேரம் ஒன்றும் சொல்ல மாட்டார். திரும்பிப் போகிறவர்கள் பஸ்ஸில் பாதி வழியில் “அட” என்பார்களாம்.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அங்கயற்கண்ணி மூன்று பஸ் மாறி வந்திருந்தாள்.

சடையாண்டி நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் இருந்த கைக்குழந்தையின் காதோரம் அவர் கை போய்க்கொண்டிருந்தது.

“சீட்டு வாங்கினீங்களா?”

காட்டினாள். சீட்டோடு கோயிலில் கொடுத்த அரை பிளேடு, காகிதத்தில் மடித்தபடி இருந்தது. ஆளுக்கு ஒரு புது அரை பிளேடு. அங்கே அது சட்டம்.

“அந்தப் பக்கம் போங்கம்மா. இது சின்னத் தலை வரிசை.”

அந்தப் பக்கம் நாலு பேர் கிண்ணியும் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு மீசை முழுக்க நரைத்திருந்தது.

“மாசானம், இந்த அம்மாவைப் பாருங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது.

“உங்க கையால மழிக்கணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். அவங்க யாரு?”

“பழகறவங்க.”

“பழகறவங்ககிட்டயா என் தலையைக் குடுக்கறது?”

“பெரிய தலையிலதானேம்மா பழக முடியும்.”

நரைமீசை மாசானம் சிரித்தார்.

“பதினோரு வருஷமாப் பழகறேம்மா. இன்னும் ஒரு சின்னத் தலை என் கையில குடுக்க மாட்டேங்கறார் மனுஷன்.”

“ரெண்டு வருஷம் போகட்டும்,” என்றார் சடையாண்டி.

அங்கயற்கண்ணி போகவில்லை. நின்றாள்.

“இப்ப சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க.”

“எதை?”

“பெரிய தலையில பழகறதுன்னு.”

“அதுல என்ன இருக்கு. பெரியவங்க தலை கெட்டி. வச்ச இடத்துல இருக்கும். தப்பித் தவறிக் கீறினாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. இதைப் பாருங்க.”

கத்தியை எடுத்துவிட்டுக் குழந்தையின் உச்சியைக் காட்டினார். மெத்தென்று ஒரு காசளவு இடம். உள்ளே இருந்து யாரோ தட்டுவது மாதிரி அது எழும்பி எழும்பி அமுங்கியது.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“வாங்கம்மா, என் வரிசை காலியாத்தான் இருக்கு,” என்றார் மாசானம்.

“இருங்க,” என்றாள்.

ஈரச் சிமெண்டுத் தரையில், சடையாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

*

அந்தக் குழந்தை போனது. அடுத்த குழந்தை வந்தது.

“என்ன இறக்கி வைக்க வந்தீங்க?” என்றார் சடையாண்டி.

“எழுத்தை.”

“பாரமா?”

“முப்பது வருஷம் தம்பி. எந்த விழாவுக்குப் போனாலும் கடைசி நாற்காலி. பார்க்கறவங்க எல்லாம் ஒரே கேள்வி. ‘பெரியவங்களுக்கு எப்பம்மா எழுதப் போறீங்க?’ ஏதோ ஒண்ணாங்கிளாஸ்ல முப்பது வருஷமா பெயிலாகி உட்கார்ந்திருக்கறவகிட்ட கேக்கற மாதிரி.”

மாசானத்தின் வரிசையில் தலை குனிந்திருந்த ஒரு பெரியவர் அப்படியே சிரித்தார்.

“சிரிக்காதீங்க, கீறிடும்,” என்றார் மாசானம்.

“அதுக்காக விடலை,” என்றாள் அங்கயற்கண்ணி. “அது பழகிப்போச்சு. இப்ப ஒரு வரி கேக்கறாங்க. அதுலதான் எனக்கு விட்டுப்போச்சு.”

“யாரு கேக்கறாங்க?”

“என் புத்தகத்தை எல்லாம் போடறவர். ஞானதிரவியம்னு பேரு.”

“என்ன வரி?”

“நீதி.”

“அப்படின்னா?”

“கதை முடிஞ்சதும் கீழே போடுவாங்க. நீதின்னு எழுதி, ரெண்டு புள்ளி வச்சு, அப்புறம் ஒரு வரி. நாற்பத்தோரு புத்தகத்துலயும் அது இல்லாம தப்பிச்சு வந்துட்டேன். நாற்பத்திரண்டாவதுல பிடிச்சுக்கிட்டார். பள்ளிக்கூட லைப்ரரிக்கு எல்லாம் போகப்போற புத்தகம், நீதி இல்லாம எடுக்க மாட்டாங்கன்னு அவரே ஒரு வரி எழுதிச் சேர்த்துட்டார்.”

“எதுக்கு அந்த வரி?”

“கதை என்ன சொல்லுதுன்னு பிள்ளைகளுக்குத் தெரியணுமாம்.”

“தெரியலைன்னா?”

“கேப்பாங்க.”

“யார்கிட்ட?”

 

சடையாண்டி குழந்தையின் பிடரியைத் தண்ணீர் தொட்டு நனைத்தார்.

“வேண்டாம்னு சொல்லிட வேண்டியதுதானே.”

“சொன்னா அந்தப் புத்தகம் வராது. பழைய நாற்பத்தொண்ணும் இனிமே அச்சுக்குப் போகாதுன்னுட்டார். திங்கட்கிழமைக்குள்ள வந்து கையெழுத்துப் போடணும். அந்தக் கையெழுத்தைப் போட்டுட்டு இனிமே பேனாவைத் தொடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். அவர் வரியை அவர் வச்சுக்கட்டும்.”

“அதுக்கு எதுக்கு மொட்டை?”

“விட்டுட்டேன்னு எனக்குத் தெரியணுமில்ல.”

“ம்,” என்றார் சடையாண்டி.

அவ்வளவுதான். அடுத்த தலைக்குப் போய்விட்டார்.

*

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வேலை இல்லை.

ஒரு மூன்று வயதுப் பயல் வந்தான். கையையும் காலையும் உதறினான்.

“ஏய், உங்க ஊர்ல காக்கா எத்தனைடா?” என்றார் சடையாண்டி.

பயல் உதறுவதை நிறுத்தினான். கண் மேலே போனது. உதடு முணுமுணுத்தது. அவன் எண்ணி முடிப்பதற்குள் பாதித் தலை முடிந்தது.

அடுத்து வந்தவளிடம் நிலா பகலில் எங்கே தூங்கும் என்று கேட்டார். அதற்கடுத்தவனிடம், உன் நிழலுக்குப் பசிக்குமா என்று கேட்டார்.

ஒருத்தருக்கும் அவர் விடை சொல்லவில்லை. சந்தனத்தைப் பூசி அனுப்பிவிட்டார். அந்தக் கடைசிப் பயல் போகும்போதும் திரும்பித் திரும்பி நிழலைப் பார்த்துக்கொண்டே போனான்.

அங்கயற்கண்ணிக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. “நிலா எங்கதான் தூங்கும், சொல்லிவிட வேண்டியதுதானே,” என்று நினைத்தாள்.

அப்போதுதான் இசைமதி வந்தாள்.

ஐந்து வயது. காய்ச்சலுக்கு வேண்டிக்கொண்ட மொட்டை. அம்மா அழுத கண்ணோடு ஓரமாக நின்றாள். தாய்மாமன் பிள்ளையை மடியில் போட்டு, இரண்டு கையாலும் தலையைத் தேங்காயைப் பிடிப்பது மாதிரிப் பிடித்திருந்தார்.

“ஆடாதே,” என்றார் மாமன்.

“நான் ஆடு இல்ல,” என்றாள் இசைமதி.

“தலையை ஆட்டாதேன்னேன்.”

“நீ கையை எடு, நான் ஆட்டல.”

“கையை எடுங்க,” என்றார் சடையாண்டி.

“எடுத்தா ஆடிருவா.”

“ஆடட்டும். அமுக்கினா எனக்குத் தலை தெரியாது, உங்க கைதான் தெரியும்.”

மாமன் மனசில்லாமல் எடுத்தார். தலை ஆடியது. சும்மா ஆடவில்லை, நாலு திசைக்கும் போய் வந்தது.

“பாப்பா, உங்க ஊர்ல காக்கா எத்தனை?”

“நூத்தி நாப்பது,” என்றாள் உடனே.

“நிலா பகல்ல எங்க தூங்கும்?”

“எங்க வீட்டுத் தண்ணித் தொட்டியில.”

“உன் நிழலுக்குப் பசிக்குமா?”

“இப்பதான் ரெண்டு இட்லி சாப்பிட்டுச்சு.”

மாசானம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் வரிசையில் பாதி மொட்டையாக இருந்தவரும் சிரித்தார்.

சடையாண்டி சிரிக்கவில்லை. கத்தியைத் துடைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் சேர்த்து வைத்திருந்த கேள்வி எல்லாம் தீர்ந்துபோன முகம்.

கத்தியைப் பார்த்தபடியே பக்கத்தில் கேட்டார்.

“எழுத்தம்மா. உங்ககிட்ட ஏதாவது இருக்கா?”

“இருந்துச்சு. இறக்கி வைக்கத்தான் வந்தேன்.”

“இறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை.”

அங்கயற்கண்ணி பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை அவளைப் பார்த்தது.

“நீ ஆடு இல்லதானே?” என்றாள்.

“இல்ல.”

“சரி. நான் சொல்லப்போறது ஒரு ஆட்டைப் பத்தி. உனக்கு வேண்டாம்.”

“வேணும்.”

*

“ஒரு பள்ளிக்கூடம். தினமும் வாத்தியார் பேர் கூப்பிடுவார். ஒவ்வொருத்தரா ‘உள்ளேன் ஐயா’ சொல்லுவாங்க. கடைசிப் பேர் முடிஞ்சதும் ஜன்னல்ல ஒரு ஆடு வந்து ‘ம்மே’ங்கும்.”

“யார் ஆடு?”

“யார் ஆடுன்னும் தெரியாது. வாத்தியார் ‘சரி, ஆடும் வந்தாச்சு’ன்னு சொல்லி நோட்டை மூடுவார். தினமும்.”

“மழை பெஞ்சா?”

“மழை பெஞ்சா உள்ள வந்து கடைசி பெஞ்சுல நிக்கும்.”

“பரீட்சைக்கு?”

“தாளைத் தின்னுரும்.”

இசைமதிக்குச் சிரிப்பு வந்தது. தலை ஆடியது. சடையாண்டி காத்திருந்தார்.

“ஒரு நாள் பேர் கூப்பிட்டு முடிச்சாச்சு. ஜன்னல்ல யாரும் இல்லை. வாத்தியார் நோட்டை மூடலை. பிள்ளைங்க ஜன்னலையே பார்க்கறாங்க. ம்மேயும் இல்லை, ஒண்ணும் இல்லை.”

“எங்க போச்சு?”

“அதைத் தேடித்தான் எல்லாரும் ஓடறாங்க. செம்பருத்தின்னு ஒரு பொண்ணு, உன்னைவிட ரெண்டு வயசு பெரியவ, அவதான் முன்னாடி ஓடறா. கடைசியில பார்த்தா, கறிக்கடை வாசல்ல நிக்குது. கம்பத்துல கட்டியிருக்கு.”

தலை நின்றது.

சடையாண்டியின் கை நெற்றியிலிருந்து கிளம்பியது. சர்ர் என்று மெல்லிய சத்தம்.

“செம்பருத்தி போய், இது எங்க ஆடு, விடுங்கன்னா. கடைக்காரர், ‘உங்க ஆடா? அப்படின்னா பேர் சொல்லிக் கூப்பிடு. திரும்பிப் பார்த்துச்சுன்னா அவிழ்த்து விடறேன்’னார்.”

“சொல்லு…” என்றாள் இசைமதி, உதடு மட்டும் அசைய.

“பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. அதுக்கு யாரும் பேர் வைக்கலை. ஆடு, ஆடுன்னே சொல்லிட்டிருந்துட்டாங்க. ஆடு அந்தப் பக்கம் பார்த்து நிக்குது. செம்பருத்தி ஒரு எட்டு முன்னால வந்தா.”

அங்கயற்கண்ணி நிறுத்தினாள்.

“வாயைத் திறந்தா.”

அதோடு கதை முடிந்தது. புத்தகத்திலும் அங்கேதான் முடிகிறது.

 மாசானத்தின் கத்தி நின்றிருந்தது. பாதி மொட்டையாக இருந்தவர் திரும்பி உட்கார்ந்திருந்தார். பிள்ளையின் கண் ஓர் இடத்தில் குத்திட்டு நின்றது. தலை கல்லில் செதுக்கின மாதிரி இருந்தது.

சடையாண்டியின் கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. நெற்றி முடிந்தது. உச்சி முடிந்தது. இடது பக்கம் இறங்கியது.

மாமன் தொண்டையைச் செருமினார்.

“அதனால பாப்பா, வாயில்லா ஜீவன்கிட்ட இரக்கமா இருக்கணும். புரியுதா?”

“ம்ஹூம்,” என்று இசைமதி தலையை வெடுக்கென்று திருப்பினாள்.

கத்தி நின்றது. காதுக்கு மேலே ஒரு கீறல். கடுகளவு ரத்தம் எட்டிப் பார்த்தது.

*

அம்மா ஓடி வந்தாள். மாமன் எழப் பார்த்தார். “உட்காருங்க,” என்றார் சடையாண்டி.

படிகாரத்தை எடுத்து ஒற்றினார். பிள்ளை அழவில்லை. மாமனைத்தான் முறைத்தது.

“நீ ஏன் மாமா நடுவுல பேசுன?”

“நல்லதுதானேடா சொன்னேன்.”

“நான் செம்பருத்திகூட நின்னுட்டிருந்தேன்ல.”

மாமனுக்கு அது புரியவில்லை. அங்கயற்கண்ணிக்குப் புரிந்தது.

இசைமதி அவள் பக்கம் திரும்பினாள்.

“என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டா?”

ரத்தத்தைப் பார்த்த பிறகு அங்கயற்கண்ணிக்கு மனசு கேட்கவில்லை. பாவம், பிள்ளை. எதையாவது ஒரு பேரைச் சொல்லித் தொலைக்கலாம். வாயைத் திறந்தாள்.

“கீறிடும்,” என்றார் சடையாண்டி.

திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

“இன்னும் பாதித் தலை பாக்கி இருக்கு எழுத்தம்மா.”

பிள்ளை அவள் வாயையே பார்த்தது. அது திறக்கவில்லை என்று தெரிந்ததும் கண் மறுபடி தூரத்துக்குப் போனது. கறிக்கடை வாசலுக்கு.

தலை நின்றது. கத்தி கிளம்பியது. வலது பக்கம், பிடரி, காதின் பின்புறம். ஒரு மயிர் தப்பவில்லை.

சந்தனம் பூசி, மாமன் தோளில் ஏற்றி அனுப்பினார்கள். கொட்டகை வாசல்வரை போன பிள்ளை, மாமனின் முதுகில் தட்டி நிறுத்தியது. இறங்கி ஓடி வந்தது. அங்கயற்கண்ணியின் காதைப் பிடித்து இழுத்து, அதில் எதையோ சொல்லிவிட்டு ஓடிப்போனது.

ஒரு பேர்.

முப்பது வருஷம் எழுதியவளுக்கு அது தோன்றியதே இல்லை.

*

வெயில் ஏறி, வரிசை குறைந்தது. சடையாண்டி கிண்ணித் தண்ணீரை மாற்றினார்.

“இந்த இருபத்திரண்டு வருஷத்துல எத்தனை தடவை கீறியிருப்பீங்க?” என்றாள்.

“இதோட ரெண்டு.”

“முதல் தடவை?”

“ஒரு பயல் காக்கா ஏன் கருப்பா இருக்குன்னு கேட்டான்.”

“அதுக்கு?”

“எனக்குத் தெரியும்னு சொன்னேன். திரும்பிட்டான்.”

அவள் அந்தக் காசளவு உச்சியை நினைத்துக்கொண்டாள். எழும்பி எழும்பி அமுங்கியது.

மாசானம் தன் வரிசையிலிருந்து குரல் கொடுத்தார். “என்னம்மா, வரீங்களா? சாயங்காலம் ஆகிட்டா கூட்டம் வந்துரும்.”

அங்கயற்கண்ணி எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த முடியைத் தட்டினாள். சீட்டைச் சாமி உண்டியலில் போட்டாள். அரை பிளேடை மட்டும் பையில் வைத்துக்கொண்டாள்.

“வேற தலை பாருங்க மாசானம். இது அடங்கற மாதிரித் தெரியலை.”

சடையாண்டி நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு அவளை அவர் நேராகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“பஸ் நாலரைக்கு,” என்றார்.

*

திங்கட்கிழமை காலை. ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஞானதிரவியத்தின் பதிப்பகம்.

முப்பது வருஷமாக அவரை அவளுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் அவர் தலை ஓர் இடத்தில் நின்று பார்த்ததில்லை. போனைப் பார்க்கும், ஜன்னலைப் பார்க்கும், புத்தகக் கட்டுக் கட்டும் ஆளைப் பார்க்கும், மறுபடி போனுக்கு வரும்.

“மொட்டை போடப் போறேன்னீங்களாம், தலை அப்படியே இருக்கே,” என்றார், போனைப் பார்த்தபடி.

“இருக்கு.”

“நல்லதாப் போச்சு. விழாவுல போட்டோ எடுக்கணும். கையெழுத்தைப் போடுங்க.”

அச்சுக்குப் போக வேண்டிய தாள்களை அவள் பக்கம் தள்ளினார். அவள் கடைசித் தாளை மட்டும் உருவி எடுத்தாள்.

வாயைத் திறந்தா, என்று கதை முடிந்திருந்தது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்:

நீதி: வாயில்லா ஜீவன்களிடம் இரக்கம் காட்ட வேண்டும்.

பையிலிருந்து காகித மடிப்பை எடுத்துப் பிரித்தாள். அரை பிளேடு. மேஜையில் கிடந்த பழைய காலண்டர் அட்டையை இழுத்துத் தாளுக்கு அடியில் வைத்தாள். நீதிக்கு மேலே, இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல் ஒரே இழுப்பு.

சர்ர்.

“என்னம்மா பண்றீங்க?”

“மழிக்கறேன்.”

நீதி ஒரு கீற்றாகச் சுருண்டு தரையில் விழுந்தது. மின்விசிறிக் காற்றில் நாற்காலிக்கு அடியில் போய்விட்டது.

ஞானதிரவியத்துக்கு முகம் சிவந்தது.

“விளையாட்டா இது? அந்த வரி இல்லேன்னா புத்தகம் இல்லை. சொல்லிட்டேனில்ல.”

“சொன்னீங்க.”

“பழைய நாற்பத்தொண்ணும் இனிமே வராது.”

“உங்ககிட்டயே இருக்கட்டும். நாற்பத்திரண்டை நான் எடுத்துட்டுப் போறேன். நாற்பத்து மூணை பஸ்ல வரும்போதே ஆரம்பிச்சாச்சு.”

“யார் போடுவாங்க?”

“தெரியாது.”

“இந்த வயசுல இந்தப் பிடிவாதம் எதுக்கும்மா உங்களுக்கு? பேசாம பெரியவங்களுக்கு ஒரு நாவல் எழுதுங்க. நான் போடறேன். அப்பவாவது நாலு பேர் எழுத்தாளர்னு ஒத்துக்குவாங்க.”

“அதுக்குப் பழகறவங்க நிறைய பேர் இருக்காங்க சார்.”

பிளேடை மடித்துப் பையில் வைத்தாள். மற்ற தாள்களைத் தட்டி அடுக்கினாள். கடைசித் தாளுக்குக் கை நீட்டினாள்.

அதை அதற்குள் அவர் எடுத்துவிட்டிருந்தார். தரவில்லை.

ஞானதிரவியம் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசியில் நீதியைத்தான் பார்ப்பார். அது சரியாக இருந்தால் மீதியும் சரியாக இருக்கும் என்பது அவர் கணக்கு. அன்றைக்கு அது இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. தேடிக்கொண்டு கண் ஒரு வரி மேலே போனது. அதற்கு மேல் ஒரு வரி. அதற்கும் மேல்.

கறிக்கடை வாசல்வரை போய், அங்கிருந்து மறுபடி இறங்கி வந்தது.

போன் அடித்தது. எடுக்கவில்லை. கட்டுக் கட்டும் ஆள் ஏதோ கேட்டான். திரும்பவில்லை.

அங்கயற்கண்ணி தாளை அவர் விரலிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டாள். விரல் அப்படியே இருந்தது. பையைத் தோளில் மாட்டினாள். கதவுவரை போய்விட்டாள்.

“அம்மா.”

“சொல்லுங்க.”

“அந்தப் பொண்ணு என்ன பேர் சொல்லித்தான் கூப்பிட்டா?”

திரும்பிப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தலை ஆடாமல் இருந்தது.

“கீறிடும் சார்,” என்றாள்.